சித்தக் கலக்கமும் சுரப்புநீரும்

சித்திரை வெயில் கடுமையானால் கோழிகள் தீனியை வெறுக்கும், முட்டையும் குறையும். நாமக்கல் வட்டாரத்துப் பண்ணையாளர் அனைவரும் அறிந்த செய்தி இது. வெப்பம் தாளாத கோழியின் குருதியில் கார்ட்டிகோஸ்டீரோன் என்னும் சுரப்புநீர் மிகுகின்றது. மனிதருக்கு அத்தொழிலைச் செய்வது கார்ட்டிசால். சிறுநீரகங்களின்மீது குல்லாய் கவிழ்த்தாற்போல் அமர்ந்துள்ள இரு சிறு சுரப்பிகளில் அது பிறக்கின்றது. விடியலில் ஏறுவதும் நள்ளிரவில் தாழ்வதும் அதன் இயல்பு. அச்சமோ நோயோ நேர்ந்தால் மூளையின் ஆணைப்படி மிகும். இடர் நீங்கியதும் மூளையே அதனை அடக்கிவிடும்.

இந்நீருக்கும் கடுமையான மனநோய்க்கும் உள்ள உறவை அறிஞர் தேடிய வரலாற்றையே நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

1936-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் ஹான்ஸ் செல்யே என்பார் எலிகளைக் குளிரிலும் கடும் உழைப்பிலும் வருத்திப் பார்த்தார். துன்பம் எவ்வகையினதாயினும் அவற்றின் உடல் ஏறத்தாழ ஒரே விதமாகவே மாறிற்று. மேற்சொன்ன சுரப்பி பருத்தது. 1949-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்ச், இச்சுரப்பியின் மற்றொரு பொருளாகிய கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளருக்குச் செலுத்திய செய்தியை வெளியிட்டார். முடங்கிக் கிடந்தோர் எழுந்து நடந்தனர்! மறு ஆண்டே அவருக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால், அம்மருந்தை உண்டோருள் சிலர் உறக்கம் இழந்தனர், காரணமின்றிக் களித்தனர், சிலர் சித்தம் கலங்கினர். இந்த வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த இடம் இதுவே. ஒரு துளிப் பொருள் அறிவைத் திரிக்கக்கூடுமாயின், சித்தக் கலக்கத்தைப் பேயின் வேலையென்றோ குடும்பத்தின் பாவமென்றோ எங்ஙனம் கூறுவது?

பின்னர் ஆராய்ச்சி விரைந்தது. 1981-இல் பெர்னார்டு காரல் குழுவினர் ஒரு சோதனையை முன்வைத்தனர். இரவில் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்தால், நலமுள்ளவர் உடலில் மறுநாள் கார்ட்டிசால் தாழும். கடும் மனச்சோர்வுடையோர் பலரிடம் அது தாழவில்லை. மனநோய்க்கும் குருதிச் சோதனை கிட்டிற்று என்று மருத்துவ உலகம் மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. உடல் மெலிந்தோர்க்கும், மது அருந்துவோர்க்கும், பிற நோயாளர்க்கும் அதே விடை வந்தமையால், நோயைத் தீர்மானிக்கும் சோதனையாக அது நிலைக்கவில்லை. மனச்சிதைவு நோயிலோ கணக்கு வேறு; விழித்தெழுந்தவுடன் ஏறவேண்டிய கார்ட்டிசால் அவர்களுட் பலரிடம் போதிய அளவு ஏறுவதில்லை. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனத்தார், யோகம் பயின்ற மனச்சோர்வு நோயாளரிடம் கார்ட்டிசால் குறைந்ததென்று 2013-இல் வெளியிட்டனர். சிறிய ஆய்வுதான், எனினும் நம் நாட்டு ஆய்வு.

சேலம் சமவெளியில் மனம் கலங்கியோரை முதலில் கோடங்கியிடமோ கோயிலுக்கோ அழைத்துச் செல்வது வழக்கம். காவிரிக்கரைக் குணசீலம் பெருமாள் சந்நிதியில் 48 நாள் தங்கும் மரபு உண்டு. அரசு மனநல மருத்துவமனையோ தொலைவில், 1871 முதல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருந்தது. வழிபாடு தரும் ஆறுதலை நான் குறை கூறேன், சங்கிலியையே வெறுக்கின்றேன். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர்.

கட்டுண்டவன் உடலில் என்ன நிகழும் என்பதைச் சுரப்புநீரின் வரலாறு நமக்குச் சொல்லிவிட்டது. அச்சம் ஓயாதபோது கார்ட்டிசாலின் ஒழுங்கு குலைகின்றது. அது நெடுங்காலம் மிகுந்திருப்பின் உறக்கம் கெடும், நினைவு மங்கும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். நோயைத் தணிக்கப் பூட்டிய விலங்கே நோயாளியின் உடலுக்குப் புதிய சுமையாகின்றது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்விடத்தும், எவ்வகையிலும் தடை செய்துள்ளது. இன்று சேலத்து அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இயங்குகின்றது. கீழ்ப்பாக்கம் வரை செல்ல வேண்டுவதில்லை.