வார்லியரின் மணச்சுவர்

புணே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரவேற்பறையில், செம்மண் நிறப் பின்னணியில் வெண்ணிற மனித உருவங்கள் கைகோத்து ஆடும் ஓவியமொன்று தொங்கக் காண்கிறோம். புடவைத் தலைப்பிலும் தேநீர்க் கோப்பையிலுங்கூட அவ்வுருவங்கள் ஏறிவிட்டன. அரிசிமாவால் கோலமிட்டுப் பழகிய நம் பெண்டிர் அவற்றைத் தம் வாசற்கலையின் உடன்பிறப்பாகக் கருதி விரும்புவதில் வியப்பில்லை. வார்லியரும் அரிசிமாவைக் கரைத்தே எழுதுகின்றனர். நுனியை மென்று நைத்த மூங்கிற் குச்சியே அவர்தம் தூரிகை. எனினும் அவ்வோவியம் பிறந்த வீட்டின் வரலாற்றை நம்மில் அறிந்தோர் சிலரே.

வார்லியர் சகியாத்திரி மலைக்கு மேற்கே, டஹாணு, தலாசரி முதலிய வட்டங்களில் வாழும் பழங்குடியினர். அப்பகுதி முன்னர்த் தாணே மாவட்டத்தில் இருந்தது. 2014-இல் பால்கர் மாவட்டமாயிற்று. காடும் மலையும் நெல்லும் அவர்க்குத் தெய்வங்களே. ஊரருகில் புலித்தெய்வமாகிய வாக்தேவனைக் கல்லிலோ மரப்பலகையிலோ அமைத்து வணங்குவர். ஊரெல்லையில் ஐயனாரின் மண்குதிரைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வழிபாடு அயலானதன்று.

அவர்தம் ஓவியத்துள் தலையாயது திருமணச் சுவரில் எழுதப்படும் சௌக் என்னும் சதுரம். சாணமும் செம்மண்ணும் பூசிய சுவரில், கணவனோடு வாழும் சுவாசினிப் பெண்கள் கூடி அதனை எழுதுவர். நடுவில் வீற்றிருப்பவள் வளத்தின் தாயாகிய பாலகாட் தேவி. அவளைச் சூழ மரங்களும் விலங்குகளும் உழவும் ஆட்டமும் இடம்பெறும். தவளேரி எனப்படும் பூசாரிப் பெண் பாடித் தெய்வங்களை வரவழைப்பாள். சௌக் எழுதப்படாமல் மணம் நிறைவுறாது. அழகுக்காக எழுதிய படமன்று அது. தேவி வந்து அமரும் பீடம்.

ஆனால் அதே திருமணந்தான் அம்மக்களை அடிமையாக்கியது. காடு அரசின் உடைமையாயிற்று. நிலம் வெளியார் கைக்கு மாறிற்று. மணச் செலவுக்கென நிலக்கிழாரிடம் சிறுதொகை கடன் பெற்றவன், அதற்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் ஊழியம் புரிய நேர்ந்தது. அவனை மணந்தவளும் அவ்வூழியத்திற்கு ஆட்பட்டாள். இவர்களை 'லக்னகடி', அதாவது மண அடிமைகள் என்றே வழங்கினர். சைமிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1930-களின் இறுதியில் பம்பாய் அரசுக்கு அளித்த அறிக்கையில் இக்கொடுமை விரிவாகப் பதிவாகியுள்ளது. சுவரில் வளத்தின் தாயை எழுதிய வீட்டுக்கு மறுநாள் வாய்த்தது வளமன்று, விலங்கு.

இவ்விடத்தில் புணே நகரம் வரலாற்றினுள் நுழைகிறது. 1907-இல் இந்நகரிற் பிறந்து பெர்குசன் கல்லூரியிற் பயின்ற கோதாவரி பருலேகர், கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் முதற் பெண் ஆயுள் உறுப்பினர். (கோகலேக்குப்பின் அச்சங்கத்திற்குத் தலைமை தாங்கியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் என்பது நமக்கு ஓர் உறவு.) பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்திற் சேர்ந்த அவ்வம்மையார், 1945-இல் வார்லியர் குடிசைகளிலேயே தங்கி அவர்களைத் திரட்டினார். கூலியில்லா ஊழியமும் மண அடிமையும் இனி இல்லை என அம்மக்கள் ஊர் ஊராக அறிவித்தனர். 500 பவுண்டு புல் அறுக்க இரண்டரை ரூபாய் கூலி கேட்டு வேலைநிறுத்தமும் செய்தனர். அவ்வாண்டு அக்டோபரில் தலவாடாவில் கூடியிருந்தோர்மீது காவலர் சுட்டதில் ஐவர் மாண்டனர். ஆயினும் மண அடிமை முறை உடைந்தது. இவ்வரலாற்றை அம்மையார் மராத்தியில் எழுதிய நூல் 1970-இல் வெளிவந்து, 1972-இல் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது.

சுவரோவியம் தாளுக்கு வந்தது அதன் பின்னரே. 1970-களின் தொடக்கத்தில் புபுல் ஜெயகரின் முயற்சியால் பாஸ்கர் குல்கர்ணி என்னும் ஓவியர் தாளும் வண்ணமுமாக வார்லியர் ஊர்களுக்குச் சென்றார். முன்னர்ப் பீகார் வறட்சிக் காலத்தில் மிதிலைக்கு அனுப்பப்பட்டவரும் இவரே. மிதிலையில் பெண்கள் தாளை ஏற்றனர். ஜகதம்பா தேவி 1975-இல் பத்மஸ்ரீ பெற்றார். வார்லிப் பெண்களோ பெரும்பாலும் தயங்கினர். மணமில்லாத வேளையில், தவளேரி பாடாத இடத்தில் எதை எழுதுவது என்னும் தயக்கம் அதில் இருந்திருக்கலாம் என்பது நம் கருத்து.

முன்வந்தவர் ஜீவ்யா சோமா மாஷே என்னும் ஆடவர். இளமையில் தாயை இழந்து பேச்சின்றி, மண்ணில் உருவங்கள் கீறியே தம் எண்ணத்தை உணர்த்தியவர் அவர். சடங்கின் சதுரத்தை விட்டு வெளியேறி, மீன்வலையும் எறும்புப் புற்றும் தார்ப்பா என்னும் குழலைச் சுற்றிய ஆட்டமும் அவர் கையில் தாளெங்கும் விரிந்தன. 1989-இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் படைப்பு இடம்பெற்றது, 2011-இல் பத்மஸ்ரீ கிட்டியது, 2018-இல் மறைந்தார். கலையைச் சந்தைக்குக் கொண்டுசென்றார் என அவரைக் குறை கூறுவோர் உளர். அக்கூற்றை நாம் ஏலோம். ஒருகாலத்தில் தம் திருமணத்தையே அடகுவைக்க நேர்ந்த குடியில் தோன்றிய ஒருவர், தம் கைத்தொழிலுக்கு விலை பெற்றது சிறுமையாகாது. தாளின் அடியில் அவர் பெயர் இருக்கிறது. சுவரில் எழுதிய சுவாசினிகளுக்குப் பெயரெழுதும் வழக்கமே இல்லை.

புணேயில் குயின்ஸ் கார்டன் பகுதியில், 1962-இல் தோன்றிய பழங்குடியினர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அருங்காட்சியகம் உள்ளது. வார்லி ஓவியங்களை அங்குக் காணலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அச்சதுரத்தின் நடுவே யார் இருக்கிறாள் என்பதையும், அதை எழுதியோர் ஒருகாலத்தில் எக்கடனுக்கு ஆட்பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்வாராக.