குட்வில்: பழைய பொருள்களுக்கு மறுவாழ்வு

வீடுகளில் வேண்டாத பொருள்களைத் திரட்டி விற்கும் குட்வில் அமைப்பு 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தோன்றியது. அங்குக் குடியேறிய ஏழைகளிடையே பணியாற்றிய மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ், வசதியுள்ளோர் வீடுகளிலிருந்து பழைய துணிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சாக்குப்பைகளில் சேகரித்தார். அவற்றைத் தைக்கவும் செப்பனிடவும் வேலையற்றோரையே அமர்த்திக் கூலி கொடுத்தார். செப்பனிட்ட பொருள்கள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. அந்த வருவாயிலிருந்தே கூலி வழங்கப்பட்டது. இதனால் ஏழைகள் கையேந்த வேண்டியிருக்கவில்லை. உழைத்துச் சம்பாதித்தனர், விலை கொடுத்து வாங்கினர். நல்லெண்ணம் எனப் பொருள்படும் ‘குட்வில்’ என்ற பெயர், புரூக்ளினில் இயங்கிய இத்தகைய பட்டறையிலிருந்து பின்னர் வந்தது. ஒரு வீட்டில் கழித்த நாற்காலி ஒருவருக்குக் கூலியானது. இன்னொருவர் வீட்டுக்கு இருக்கையானது.