சீனக்குடாக் குதங்களும் எண்ணெய் விலை மீட்சியும்: தெரிவுரிமை ஒப்பந்தங்களை முன்வைத்து

வீழ்ந்த எண்ணெய் விலை மீண்டும் ஏறும் என்று நம்புபவருக்குச் சந்தை தரும் கருவி, வாங்கும் தெரிவுரிமை. குறித்த விலையில் குறித்த காலத்துக்குள் வாங்கும் உரிமைக்கு அவர் ஒரு கட்டணம் செலுத்துகிறார். விலை ஏறினால் வித்தியாசம் அவருக்கு. ஏறாவிட்டால் கட்டணத்தோடு நட்டம் நின்றுவிடும். இலங்கையில் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு 2008 முதல் கெட்ட பெயர். அப்பழி கருவிக்குரியதன்று, அதன் எந்தப் பக்கத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நின்றது என்பதற்குரியது என்பதும், திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்க் குதங்களை வைத்திருக்கும் நாட்டுக்கு மலிவான தெரிவுரிமை இரும்பால் ஆனது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

டொய்ச்ச வங்கியுடனான கூட்டுத்தாபனத்தின் ஒப்பந்தம் 2008 ஜூலை 8ஆம் திகதி முடிவானது. மூன்று நாட்களின் பின் மசகு எண்ணெய் 147 டொலரைத் தொட்டு, பிறகு சரியத் தொடங்கியது. ஒப்பந்த விலை 112.50 டொலர். அதற்கு மேலே போனால் வங்கி கொடுக்கும்; ஆனால் மொத்தம் 25 இலட்சம் டொலரோடு வங்கியின் கடமை முடிந்துவிடும். கீழே போனால் கூட்டுத்தாபனம் கொடுக்கும். அதற்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. பெயர் இடர்காப்பு; உள்ளடக்கத்தில் கூட்டுத்தாபனம், தான் அறிந்தோ அறியாமலோ, விற்கும் தெரிவுரிமையை, அதாவது குறித்த விலையில் விற்கும் உரிமையை, வங்கிக்கு விற்றிருந்தது. முன்கூட்டிக் கட்டணம் கேட்காத ஒப்பந்தம் என்பதே அதன் கவர்ச்சி. அந்த ஆண்டு டிசம்பரில் விலை 40 டொலருக்கும் கீழே இறங்கியது.

விலை சரிந்தபோது இறக்குமதிச் செலவும் குறைந்ததே, பிறகென்ன நட்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆதாயம் சிறு தொகையில் நின்றுவிட, இழப்பு மட்டும் தொடர்ந்து ஓடும் அமைப்பை அது நியாயப்படுத்தாது. உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை இடைநிறுத்தியது. இதேபோன்ற ஒப்பந்தம் செய்திருந்த சிற்றி வங்கியுடனான நடுத்தீர்ப்பில் கூட்டுத்தாபனம் வென்றது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியிடம் 2011இல் இலண்டனில் தோற்று 16 கோடி டொலருக்கு மேல் கடன்பட்டது. 2012இல் டொய்ச்ச வங்கிக்குச் சாதகமாக ஏறத்தாழ 6 கோடி டொலர் தீர்ப்பானது; அதில் எதிராளி இலங்கை அரசு.

2020 ஏப்ரல் 20ஆம் திகதி அமெரிக்க மசகு எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பூச்சியத்துக்குக் கீழே 37.63 டொலருக்குப் போனது. எண்ணெய் பெருகியிருந்தது, ஊற்றி வைக்க இடம் இல்லை. மீட்சி வரும் என்று பலரும் நம்பினார்கள். ஆனால் விலை கடுமையாக ஊசலாடும் காலத்தில் தெரிவுரிமைக் கட்டணமும் எகிறும். அதைக் குறைக்க வணிகர்கள் தாழ்ந்த விலைக்கான வாங்கும் உரிமையை வாங்கி, உயர்ந்த விலைக்கானதை விற்பார்கள். ஊக வணிகருக்கு இதனால் ஆதாயத்தின் உச்சி மட்டும் வெட்டுப்படும். இறக்குமதி செய்யும் நாட்டுக்கோ அந்த உச்சியே பேராபத்து நிகழும் இடம். 2022 மார்ச்சில் பிரெண்ட் 120 டொலரைத் தாண்டியபோது இலங்கையர் எரிபொருள் வரிசையில் நின்றதை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் இரும்பாலான தெரிவுரிமை வருகிறது. பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்ட சீனக்குடாக் குதங்களில் எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர், அதாவது 75,000 பீப்பாய் கொள்ளும். மலிவாக வாங்கிக் குதத்தில் வைத்து, எதிர்கால ஒப்பந்தத்தில் கூடிய விலைக்கு விற்றுவிடுபவருக்கு ஊசலாட்டக் கட்டணம் இல்லை. வட்டியும் காப்புறுதியும் பராமரிப்புமே செலவு. விற்காமல் வைத்திருக்கும் நாட்டுக்கு அது கையிருப்பு. 2020இல் கீழ்ப்பகுதிக் குதங்களை இந்திய எண்ணெய்க் கழகத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. பயன்படுத்திக்கொண்டிருக்க, மேற்பகுதிக் குதங்கள் காட்டுக்குள் கிடந்தன. 99 குதங்களுக்குமான உடன்படிக்கை 2022 ஜனவரி 6ஆம் திகதிதான் கைச்சாத்தானது: இவ்விரு தரப்பினதும் கூட்டு நிறுவனத்துக்கு 61, கூட்டுத்தாபனத்துக்கு 24, ஐ.ஓ.சி.க்கு 14. அப்போது எண்ணெய் 80 டொலரளவில் இருந்தது.

குதத்துக்கும் குறை உண்டு. 20 டொலர் விலையிலும் 24 குதங்களை நிரப்ப 3.6 கோடி டொலர் ரொக்கம் வேண்டும். அது இல்லாத வேளையில் காகிதத் தெரிவுரிமை உதவும், ஆனால் வாங்குபவராக மட்டுமே. கட்டணத்தை முன்கூட்டிச் செலுத்தியவருக்கு மேலும் கடப்பாடு இல்லை; ஆகவே 2022இல் கடனைச் செலுத்தத் தவறிய நாட்டிடமும் வங்கி பிணை கேட்கக் காரணம் இராது. எரிசக்தி அமைச்சு 61 குதங்களைத் திருத்தும் மதிப்பீட்டை, அதே அளவு எண்ணெய்க்கான ஓராண்டு வாங்கும் உரிமையின் கட்டணத்துக்கு அருகில் வைத்து வெளியிட வேண்டும்.