கழட்டிக் கழுவ வேண்டியவை

எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். என் கணவர் விற்பனையாளரிடம் கேட்ட முதல் கேள்வி, “இது எத்தனை பார்?” கூட வந்திருந்த அம்மா கேட்டது, “இதுல எதையெல்லாம் கழட்டிக் கழுவணும்?” முதல் கேள்விக்கு அந்த இளைஞர் பத்து நிமிடம் பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு, “அதெல்லாம் ஈஸிதாம்மா” என்று முடித்துக்கொண்டார்.

அன்று நாங்கள் எதுவும் வாங்காமல் திரும்பிவிட்டோம். ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் என்னுடனேயே வந்தன. எஸ்பிரஸ்ஸோவின் நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றைப் படிக்கப் படிக்க, என் கணவரின் கேள்விக்குத்தான் அதில் ஏராளமான பக்கங்கள் இருந்தன. அம்மாவின் கேள்வி இடுக்குகளில் கிடந்தது.

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை ‘எஸ்பிரஸ்ஸோ’ என்ற சொல்லைக் கற்றது கல்யாண மண்டபத்தில். வாசலருகே பளபளவென்று ஓர் இயந்திரம் நிற்கும். அதன் நீராவிக் குழாயைப் பாலுக்குள் விட்டு, ‘புஸ்’ஸென்ற சத்தத்தோடு நுரை எழுப்பி, இன்ஸ்டன்ட் காப்பியின் மேல் சாக்லேட் தூள் தூவிக் கொடுப்பவர் அநேகமாக ஓர் ஆண். இத்தாலியர் இதை எஸ்பிரஸ்ஸோ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது இருக்கட்டும். அதே கல்யாணத்துக்கு வந்தவர்களின் வீடுகளில், விடியுமுன் எழுந்து ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி டிகாஷன் இறங்கக் காத்திருப்பவர் அநேகமாக ஒரு பெண். பொதுவெளியில் இயந்திரத்தோடு நின்றால் அது தொழில். அடுப்படியில் ஃபில்டரோடு நின்றால் அது கடமை. இந்தப் பிரிவினை நம்முடையது மட்டுமல்ல. எஸ்பிரஸ்ஸோ பிறந்த நாட்டிலேயே அது இருந்தது.

1884இல் இத்தாலியின் தூரின் நகரில் நடந்த கண்காட்சியில் ஆஞ்செலோ மொரியோந்தோ என்பவர் நீராவியால் காப்பி தயாரிக்கும் இயந்திரத்தை வைத்தார். அது மொத்தமாகக் காப்பி போடும் இயந்திரம். கோப்பை கோப்பையாக, கேட்டவருக்குக் கேட்ட கணத்தில் போட்டுத் தரும் இயந்திரத்துக்கு 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் மிலான் நகரத்து லுயிஜி பெத்செரா. அந்த உரிமையை வாங்கிய தெசிதேரியோ பவோனி 1905இல் உற்பத்தியைத் தொடங்கினார். எஸ்பிரஸ்ஸோ என்ற சொல்லில் வேகம், பிழிந்தெடுத்தல், ‘உங்களுக்கென்றே’ என்ற மூன்று பொருளும் ஒலிக்கும். 1922இல் லெயொனெத்தோ கப்பியெல்லோ வரைந்த புகழ்பெற்ற விளம்பரச் சுவரொட்டியில், ரயிலிலிருந்து வெளியே சாய்ந்தபடி ஓர் ஆண் காப்பி பிடிக்கிறான். அவசரம் நவீனத்தின் அடையாளம். அவசரமாகப் போக ஓர் இடம் இருப்பவன் ஆண்.

காப்பிக்கடையின் நீண்ட மேடையருகே நின்றபடியே குடித்துவிட்டுப் போவதுதான் இத்தாலிய வழக்கம். அதற்குச் சட்டமும் துணை நின்றது. 1911இல் வந்த ஒரு சட்டம் அத்தியாவசியப் பொருள்களின் விலைக்கு உச்சவரம்பு வைக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குக் கொடுத்தது. அதில் காப்பியும் சேர்ந்தது. பரிமாறும் சேவை இல்லாமல் நின்று குடிக்கும் காப்பி மலிவாகவே நீடிக்க இது ஒரு காரணம். தொழிலாளியும் வக்கீலும் ஒரே மேடையில் முழங்கை ஊன்றி நிற்பதை இத்தாலிய ஜனநாயகம் என்று பெருமையாகச் சொல்வார்கள். குடும்பப் பெண் ஒருத்தி தனியே வந்து அங்கே முழங்கை ஊன்றுவது அந்த ஜனநாயகத்தில் சேர்த்தியில்லை. குறிப்பாகச் சிற்றூர்களில் அது ஆண்களின் திண்ணை.

இதே காலத்தில் ஜெர்மனியின் திரெஸ்தன் நகரில் மெலித்தா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி வேறொரு பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருந்தார். காப்பியில் கசடு மிதந்தது. வடிகட்டும் துணியைத் துவைத்து மாளவில்லை. மகனின் பள்ளி நோட்டிலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து, துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடிகட்டிப் பார்த்தார். 1908இல் அதைப் பதிவுசெய்து தொழிலாகவும் ஆக்கினார். ஆண்களின் இயந்திரங்கள் வேகத்தைத் தேடியபோது, ஒரு பெண்ணின் கண்டுபிடிப்பு கழுவும் வேலையைக் குறைத்தது. அம்மாவின் கேள்விக்கு வரலாற்றில் கிடைத்த முதல் நேரடிப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

எஸ்பிரஸ்ஸோவை வீட்டுக்குள் கொண்டுவந்ததாகச் சொல்லிக்கொண்ட முதல் பெரிய வெற்றி, 1933இல் அல்ஃபோன்ஸோ பியலெத்தி கொண்டுவந்த எட்டுப் பட்டை மோகா பாத்திரம். அது பிறந்ததற்கு ஒரு கதை உண்டு. அக்காலத்தில் துணி வெளுக்க ஒருவகைக் கொப்பரை இருந்தது. அடியில் சோப்புக்காரம் கலந்த நீர் கொதிக்கும். நடுக்குழாய் வழியே மேலேறித் துணிகளின் மேல் கொட்டும். அதைப் பார்த்துத்தான் பியலெத்திக்கு யோசனை பிறந்ததாம். துவைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி என்று சிலர் சொல்வார்கள். ஊர்ப் பெண்கள் என்று சிலர். எந்த அளவு உண்மையோ, அந்தக் கதையின் அமைப்பு நமக்குப் பழக்கமானது. பார்த்தவருக்குப் பெயர் இருக்கிறது, துவைத்தவளுக்கு இல்லை.

மோகாவின் உலோகம் அலுமினியம். 1935இல் எத்தியோப்பியாவின் மீது முசோலினி படையெடுத்தபோது சர்வதேச சங்கம் இத்தாலிக்கு எதிராகப் பொருளாதாரத் தடை விதித்தது. அதற்குப் பதிலாகப் பாசிச அரசு தற்சார்பை முழங்கியது. உள்நாட்டில் கிடைத்த பாக்சைட்டிலிருந்து வார்க்க முடிந்த அலுமினியம் ‘தேசிய உலோகம்’ ஆனது. காப்பியின் தாயகமான எத்தியோப்பியாவின் மேல் குண்டு விழுந்த அதே ஆண்டுகளில், காப்பிப் பாத்திரத்தின் உலோகம் தேசபக்தியின் சின்னமானது. அதே அரசுதான் பெண்ணின் இடம் வீடு என்றது; அதிகப் பிள்ளை பெறுவதைத் தேசியக் கடமையாக்கியது; 1938இல் அலுவலகப் பணியிடங்களில் பெண்கள் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆணையிட்டது. ஆனால் தடையும் போரும் வந்த ஆண்டுகளில் காப்பிக் கொட்டையே அரிதானது. சிக்கரியும் வறுத்த பார்லியும்தான் வீடுகளில் கொதித்தன. மோகா வீட்டுக்கு வீடு பரவியது போருக்குப் பிறகு, பியலெத்தியின் மகன் ரெனாத்தோவின் காலத்தில்.

1946இல் இத்தாலியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். அடுத்த இரண்டாண்டில், 1948இல், அக்கில்லே காஜ்ஜியா மிலானில் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். கைப்பிடியை இழுத்தால் விற்சுருள் இறுகும். விட்டால் அது உலக்கைபோல் நீரைக் காப்பித் தூளுக்குள் அழுத்தும். பழைய நீராவி இயந்திரங்கள் ஏறக்குறைய ஒன்றரை பார் அழுத்தத்தில் நின்றன. இது 8, 9 பாருக்கு ஏறியது. காப்பியின் மேல் பொன்னிறத்தில் ஒரு நுரைப்படலம் வந்தது. இன்று நாம் எஸ்பிரஸ்ஸோ என்பது அதைத்தான். என் கணவரின் ‘எத்தனை பார்’ பிறந்ததும் அங்கேதான்.

கடைக்கான அந்த நெம்புகோலைச் சிறிதாக்கி வீட்டுக்குக் கொண்டுவரும் முயற்சி 1950களிலேயே தொடங்கிவிட்டது. காஜ்ஜியாவின் வீட்டு இயந்திரத்துக்கு வைத்த பெயர் ‘ஜில்தா’. ரீட்டா ஹேவொர்த் நடித்து 1946இல் வந்த ஹாலிவுட் படத்தின் தலைப்பும் கதாநாயகியின் பெயரும் அதுவே. ஃபாயெமா நிறுவனம் தன் வீட்டு இயந்திரத்துக்கு ‘ஃபாயெமினா’ என்று பெயரிட்டது. நிறுவனத்தின் பெயருக்குள்ளேயே ‘பெண்’ என்ற லத்தீன் சொல் ஒலிக்கிறது. கடை இயந்திரத்தின் அருகே நிற்பவன் பாரிஸ்தா, அதாவது கைத்தேர்ந்த தொழிலாளி. அதே நெம்புகோல் வீட்டுக்கு வந்ததும் இயந்திரமே பெண்ணாகிவிடுகிறது. இயக்குபவளின் திறமைக்குத் தனிப் பெயரே தேவைப்படவில்லை.

1957இல் இத்தாலியத் தொலைக்காட்சியில் ‘கரொஸெல்லோ’ என்ற விளம்பர நிகழ்ச்சி தொடங்கியது. ஊரே அதைப் பார்த்தது. அதில் பியலெத்திக்காகப் பாவுல் கம்பானி வரைந்த மீசைக்காரக் குட்டி மனிதன் விரலை உயர்த்தியபடி வருவான். நல்ல காப்பி போடுவது பார்க்க எளிது போலத்தான் இருக்கும் என்பது அவனுடைய பல்லவி. கடையில் கிடைக்கும் அதே எஸ்பிரஸ்ஸோ இனி வீட்டிலேயே, அதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டாம் என்பது வாக்குறுதி. மோகாவின் அழுத்தம் இரண்டு பாரைத் தாண்டாது. ஆகவே அது கடையில் கிடைக்கும் அதே எஸ்பிரஸ்ஸோ இல்லை. அதைவிட, அந்த வாக்குறுதியின் மறுபக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. தினமும் காலையில் காப்பி போட்டவள் மீசை இல்லாதவள். அவள் செய்வதற்குத் திறமை வேண்டாம் என்று சொல்ல ஒரு மீசை தேவைப்பட்டது. திறமை வேண்டாத வேலைக்கு நன்றியும் வேண்டாம் அல்லவா!

இந்த இடத்தைத்தான் இத்தாலியப் பெண்ணியர் பிடித்தார்கள். 1972இல் பாதுவா நகரத்தைச் சேர்ந்த மரியரோசா தல்லா கொஸ்தா, வீட்டு உழைப்பு அன்பின் வெளிப்பாடு மட்டுமல்ல, தொழிலாளியை மறுநாள் வேலைக்குத் தயார்ப்படுத்தும் உழைப்பு அது என்று எழுதினார். வீட்டு வேலைக்கு ஊதியம் கோரும் இயக்கம் அவ்வாண்டு அங்கே உருவாகி, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெதரிச்சி போன்றோர் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவியது. கணவன்தான் குடும்பத் தலைவன் என்ற விதி இத்தாலியச் சட்டத்திலிருந்து நீங்கியது 1975இல்தான். அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷுவார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலில் இன்னொன்றைக் காட்டினார். வீட்டுச் சாதனங்கள் வந்தபோது முதலில் விடுபட்டது விறகு பிளந்த ஆண்களின் உழைப்பும் வேலையாட்களின் உழைப்பும். இல்லத்தரசியின் வேலை குறைவதற்குப் பதில் எதிர்பார்ப்பின் தரம் உயர்ந்தது. வாரம் ஒருமுறை மாற்றிய சட்டை தினமும் மாறியது.

எஸ்பிரஸ்ஸோவுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். 1985இல் சயெகோ நிறுவனம் அரைப்பது முதல் சக்கையைத் தள்ளுவது வரை தானே செய்யும் வீட்டு இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1986இல் நெஸ்லேயின் அலுமினியக் குப்பிகள் வந்தன. பொத்தானை அழுத்தினால் போதும் என்றானபின், குடிப்பவரே எழுந்து போட்டுக்கொள்ள வழி பிறந்தது. இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் குப்பிக் குப்பை எங்கே போகிறது, அதை யார் பிரிக்கிறார்கள் என்ற கேள்வி சமையலறையிலிருந்து தெருவுக்கு, துப்புரவுப் பணியாளரின் கைக்கு நகர்ந்தது. இன்னொரு புறம், எடை போட்டு, அரைத்து, விநாடி எண்ணிக் காப்பி இறக்கும் ஆண் ரசிகர்களின் கூட்டமும் உலகெங்கும் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காப்பி கலை ஆனது. திங்கட்கிழமைக் காப்பி யாருடையது?

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. நாங்கள் ஆறு பேர். ஃபில்டரில் ஒருமுறை இறக்கிய டிகாஷன் ஆறு தம்ளருக்கும் போதும். பால் ஒரே பாத்திரத்தில் காயும். எஸ்பிரஸ்ஸோ என்றால் ஒரு தடவைக்கு இரண்டு கோப்பை. மூன்று முறை தூளை நிரப்பி, அழுத்தி, இறக்கி, சக்கையைத் தட்டிக் கொட்ட வேண்டும். ஒற்றைக் கொதிகலன் உள்ள மலிவான இயந்திரத்தில் காப்பி இறக்கியபின் நீராவிக்குச் சூடேறக் காத்திருந்து, பால் நுரைத்தபின் மறுபடி ஆறவிட வேண்டும். இரட்டைக் கொதிகலனில் அந்தக் காத்திருப்பு இல்லை. விலை பல மடங்கு. மின்சாரமே இல்லாத கை நெம்புகோல் கழுவ மிக எளிது. ஆனால் அழுத்துபவரின் தோள் அதை அறியும். எதுவானாலும் நீராவிக் குழாயில் பால் காய்வதற்குள் துடைக்க வேண்டும். எங்கள் பகுதி ஆழ்குழாய்த் தண்ணீரில் கெண்டி எப்படி வெள்ளை பூக்கிறதோ, கொதிகலனும் உள்ளே அப்படித்தான் பூக்கும். உப்புப் படிவை அவ்வப்போது கரைத்தாக வேண்டும். பெட்டியின் மேல் கொட்டையெழுத்தில் இருக்கும் 15 பார், 20 பார் என்பது பம்பு தரக்கூடிய உச்சம். காப்பி இறங்கத் தேவை 9 சொச்சம்தான். இவை எல்லாமே கையேட்டில் இருக்கின்றன. இவற்றைச் செய்வது யார் என்பது மட்டும்தான் அதில் இல்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனோம். இந்தமுறை அம்மா சொன்னபடி, இயந்திரத்தை என் கணவரே மேசையில் வைத்துக் கழற்றினார்: தண்ணீர்த் தொட்டி, சொட்டுத் தட்டு, அதன் கம்பிவலை, கைப்பிடி, அதிலுள்ள சல்லடை, நீராவிக் குழாயின் முனை. ஆறு உருப்படி. அம்மா விரல்விட்டு எண்ணினார். “சரி, எது எது எங்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு மாப்பிள்ளை” என்றார். அவர் சிரித்தார். அதையே வாங்கினோம். வாரநாள்களில் ஃபில்டர்தான், அதை இறக்குவதும் இப்போது முறைவைத்து நடக்கிறது. அம்மாவின் முறை செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாள்களில் அவர் ஆறரைக்குத்தான் எழுந்திருக்கிறார்.