இரு காரணி அங்கீகாரம் என்றால் என்ன?

மின்னணுப் பணப் பரிவர்த்தனைக்குக் கடவுச்சொல் மட்டும் போதாது. குறைந்தது இரு காரணிகளால் பயனரின் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் விதி.

பயனர் அறிந்தது (கடவுச்சொல், பின் எண்), வைத்திருப்பது (அட்டை, கைப்பேசிக்கு வரும் ஓடிபி), அவருக்கே உரியது (கைரேகை) எனக் காரணிகள் மூவகைப்படும். ஒன்று களவுபோனாலும் மற்றொன்று பாதிக்கப்படக் கூடாது. அட்டையை நேரில் பயன்படுத்துவது நீங்கலாக, ஒரு காரணியேனும் அந்தந்தப் பரிவர்த்தனைக்கெனப் புதிதாக உருவாக்கப்பட வேண்டும்.

2025 செப்டம்பரில் வெளியிடப்பட்ட இவ்விதிகளின் அமலாக்கத் தேதி 2026 ஏப்ரல் 1. விதிகளைப் பின்பற்றாமல் நடந்த பரிவர்த்தனையால் இழப்பு நேர்ந்தால், முழுத் தொகையையும் வங்கியே ஈடுசெய்ய வேண்டும். ஆனால், ஓடிபியை வாடிக்கையாளரே பிறரிடம் தெரிவித்திருந்தால், வங்கியில் புகார் அளிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்று 2017-ஆம் ஆண்டு விதி கூறியது. எனவே தாமதமின்றி வங்கிக்கும், 1930 என்ற உதவி எண்ணுக்கும் தகவல் அளிப்பது அவசியம்.