விலையில்லா மடிக்கணினியும் விளையாட்டும்

மதுரைக்குத் தென்மேற்கே, பூர்வத்தில் ஒரு பாளையப்பட்டாக இருந்து இப்போது தாலுகாவின் தலைமையிடமாக விளங்கும் பேரையூரிலும், அதைச் சூழ்ந்த கிராமங்களிலும், கணினி விளையாட்டு வீட்டுக்குள் பிரவேசித்த சரித்திரத்தை எழுதப் புகுவோர் 2011 செப்டம்பர் 15ஆம் தேதியிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். அண்ணாவின் பிறந்த நாளாகிய அன்றுதான், திருவள்ளூரை அடுத்த காக்களூரில், அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருஷத்துக்கு மட்டும் 9.12 லட்சம் யந்திரங்களை அரசு நிறுவனமான எல்காட்டின் மூலம் கொள்முதல் செய்ய ஏற்பாடாயிற்று. பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்தாலன்றிக் கணினியைத் தொட வழியில்லாதிருந்த பிள்ளைகளுக்கு, அது சொந்த உடைமையாக வந்து சேர்ந்தது.

படிப்புக்கென்று வழங்கப்பட்ட அந்த யந்திரத்தில் 14 அங்குலத் திரையும், 2 ஜிபி ராமும், 320 ஜிபி ஹார்ட் டிஸ்கும் இருந்தன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. சித்திரங்களைத் தீட்டும் வேலைக்கும் அந்த 2 ஜிபியிலிருந்தே பங்கு போகவேண்டியிருந்ததால், அவ்வருஷத்தில் வெளிவந்த புதிய விளையாட்டுகளில் பெரும்பாலானவை அதில் நகரவே மாட்டா. ஆகவே, எந்த விளையாட்டு இந்த லேப்டாப்பில் ‘ஓடும்’ என்ற கேள்வி பிறந்தது. அதற்கு விடை தேடிய பிரயாசையே கிராமத்து மாணவர் பலருக்குக் கணினியின் உள்ளமைப்பைப் பற்றிய முதற்பாடமாயிற்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விடை பழைய விளையாட்டுகளில் கிடைத்தது. 2003இல் கணினிக்கு வந்த ‘வைஸ் சிட்டி’, 32 எம்பி கிராபிக்ஸ் நினைவகத்தோடும் 1 ஜிபிக்குக் குறைவான இடத்தோடும் திருப்தியடைவது. ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6’உம், 2000இல் வெளியான ‘ஐ.ஜி.ஐ.’யும், அதனினும் பழைய ‘ரோட் ராஷ்’உம் அவ்வாறே சிக்கனமானவை. ‘கிரிக்கெட் 07’ விளையாட்டில் வீரர் பட்டியல் பழசாகிவிட்டபோது, ரசிகர்களே புதிய அணிகளையும் சட்டைகளையும் தயாரித்துச் சேர்த்துப் பல வருஷங்கள் அதற்கு ஆயுள் நீட்டித்தார்கள். இணையம் எட்டாத வீடுகளுக்கு இவையெல்லாம் பென் டிரைவ் வழியாகக் கைமாறிச் சென்றன. அவற்றுள் பெரும்பாலானவை விலை கொடுத்து வாங்கிய பிரதிகள் அல்ல என்பதையும் சரித்திரம் எழுதுகிறவன் மறைப்பதற்கில்லை.

ஓடுவது ஒன்று, ஆடுவதற்கு வசதியாயிருப்பது மற்றொன்று. வைஸ் சிட்டியில், பொம்மை ஹெலிகாப்டரைச் செலுத்தி, கட்டி முடியாத கட்டடம் ஒன்றில் நான்கு குண்டுகளைக் குறித்த நேரத்துக்குள் வைத்துவரவேண்டிய கட்டம் ஒன்று உண்டு. அந்த ஹெலிகாப்டரைத் திருப்புவதற்கான பொத்தான்கள், கீபோர்டின் வலக்கோடியில் தனியே அமையும் எண்பலகையில் வைக்கப்பட்டிருந்தன. 14 அங்குல லேப்டாப்பிலோ அந்தப் பலகைக்கே இடமில்லை. விளையாட்டு பழுதென்று கைவிட்டவர்கள் ஒருபுறமிருக்க, அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து அந்தப் பொத்தான்களை வேறு எழுத்துகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று கண்டறிந்தவர்கள் தங்கள் சிநேகிதர்களுக்கெல்லாம் உபாத்தியாயர்களானார்கள். டச்பேடை விரலால் தடவிக் குறிபார்த்துச் சுடுவது அசாத்தியம் என்பதால், முதலில் வாங்கப்படும் உபகரணம் மவுஸ்.

2012இன் மின்வெட்டையும் இங்கே குறிப்பிடவேண்டும். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற அக்காலத்தில், மேஜைக் கணினி பிரயோஜனமற்றுக் கிடக்க, பேட்டரியின் பலத்தில் லேப்டாப் மட்டுமே இயங்கிற்று. திரையின் ஒளியைக் குறைத்து, யந்திரத்தை அதிகம் வருத்தாத விளையாட்டைத் தேர்ந்தால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும் என்ற அனுபவம், தேர்வுக்கு மற்றுமொரு பிரமாணமாக அமைந்தது.

பிற்பாடு பெரிய நிறுவனங்களே இத்தகைய எளிய யந்திரங்களை நாடி வந்தன. தனி கார்டு இல்லாத கணினிகளுக்கென்றே ‘பப்ஜி லைட்’ 2019இல் இந்தியாவுக்கு வந்து 2021 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2020இல் வெளியான ‘வேலரன்ட்’டும் பழைய லேப்டாப்புகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டதே. அதற்குள் ஆட்டத்தின் பெரும்பகுதி கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. எல்காட்டின் டெண்டர்க் காகிதங்கள் அரசாங்கத்தின் வசம் இருக்கும். எந்தப் பள்ளியில் எந்த விளையாட்டு பென் டிரைவில் சுற்றியது, எதை எப்படி ஓடவைத்தார்கள் என்பதோ எங்கும் பதிவாகவில்லை. அன்று பிளஸ் டூ படித்தவர்கள் இன்று முப்பதைக் கடந்த வயதினர். ஞாபகம் மங்குமுன் அவர்கள் அதை எழுதிவைக்கவேண்டும்.