2007இல் லொட்ஜ்களுக்கு வந்த பஸ்களும் ஒரு மனித உரிமைச் சட்டமும்



புதிய யாப்பு, புதிய உரிமைச் சட்டம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர்கள் கேட்பது ஒன்றுதான்: "சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?" பதில் நம் தெருக்களிலேயே இருக்கிறது.

2007 ஜூன் 7. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களுக்குப் பொலிஸ் வந்தது. வைத்தியத்துக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் வேலைக்கும் வந்து தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் சென்றது. மறுநாளே இடைக்காலத் தடை கிடைத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். நம்மில் பலரோ, "இது தமிழருடைய பிரச்சினை" என்று கதவைச் சாத்திக்கொண்டோம்.

அதே வருடம் நவம்பரில் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் (2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கம்) வந்தது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 1980இல். 27 வருடம் கழித்து ஏன் சட்டம்? 2006இல் சிங்கராசா வழக்கில், உள்நாட்டுச் சட்டம் இல்லாமல் அந்த உடன்படிக்கையின் உரிமைகளை இங்கே கோர முடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையும் தேவைப்பட்டது.

அப்போது விவாதம் சூடாக நடந்தது. யாப்பும் இந்தச் சட்டமும் சேர்ந்தால் போதும் என்றது அரசாங்கம். உடன்படிக்கையின் சில உரிமைகளை மட்டும் எடுத்திருக்கிறார்கள், உயிர்வாழும் உரிமை யாப்பிலும் நேரடியாக இல்லை என்றார்கள் விமர்சகர்கள். 2008இல் உயர் நீதிமன்றம் போதும் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கவில்லை. 2010 ஓகஸ்டில் சலுகை நின்றது.

நமக்கு நம்பிக்கை தந்தது 3ஆம் பிரிவு. இன, மத வெறுப்பைத் தூண்டுவது குற்றம் என்கிறது அது. 2014இல் அளுத்கம எரிந்தபோது அது பாய்ந்ததை நாம் காணவில்லை. 2019இல் ஹசலகையில், உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைப் பிடித்தபோது பாய்ந்தது. சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார மீதும் பாய்ந்தது. 2020 ஏப்ரலில் முகநூல் பதிவொன்றுக்காக ரம்சி ராசிக் கைதாகி ஐந்து மாதம் உள்ளே இருந்தார். இந்தப் பிரிவில் பிணை தர மேல் நீதிமன்றத்தால் மட்டுமே முடியும், அதுவும் விசேட காரணம் இருந்தால்தான். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023இல்.

ஆகவே அடுத்த சட்டமூலம் வரும்போது தலைப்பைப் பார்த்துக் கைதட்ட வேண்டாம். யார் கைது செய்யலாம், யார் பிணை தரலாம், பிழை செய்த அதிகாரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பிரிவாக வாசிப்போம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

2007இல் பக்கத்து வீட்டுக்கு வந்தது 2019இல் நம் வீட்டுக்கு வந்தது. அடுத்த முறை யார் வீட்டுக்கு வந்தாலும் நாம் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும்.